‘சகோதர’ என்ற சொல் திரும்பி வந்த இரவு

2021 ஜனவரி 4, திங்கட்கிழமை இரவு. தோஹாவில் நான் வேலை பார்த்த அலுவலகச் சுவரில் இரண்டு டிவிகள் பக்கத்துக்குப் பக்கமாக மாட்டியிருக்கும். ஒன்றில் கத்தாரின் அல்ஜஸீரா, இன்னொன்றில் சவூதியின் அல்அரபிய்யா. மூன்றரை ஆண்டுகளாக அந்த இரண்டு திரைகளும் ஒன்றையொன்று ஏசிக்கொண்டே இருந்தன. அன்றிரவு குவைத் வெளியுறவு அமைச்சர் தோன்றி, சவூதிக்கும் கத்தாருக்கும் இடையிலான வான், தரை, கடல் எல்லைகள் அன்றே திறக்கப்படும் என்று அறிவித்தார். மறுநாள் சவூதியின் அல்உலா விமான நிலையத்தில் கத்தார் அமீர் ஷேக் தமீம் விமானத்தில் இருந்து இறங்கி வந்தார். சவூதி பட்டத்து இளவரசர் முகம்மது பின் ஸல்மான் அவரைக் கட்டி அணைத்துக்கொண்டார். “நவ்வர்த்தல் மம்லகா” என்றார். உங்கள் வரவால் எங்கள் நாடு ஒளிபெற்றது என்று பொருள். கைகொடுக்கக்கூட ஆட்கள் தயங்கிய கொரோனா காலம் அது. அந்த அணைப்பை இரண்டு சேனல்களும் நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டன.

என் கண் படத்தில் இல்லை, கீழே ஓடிய எழுத்தில் இருந்தது. அல்அரபிய்யாவில் கத்தாரின் பெயரோடு ‘ஷகீகா’ என்ற சொல் வந்துவிட்டிருந்தது. ‘சகோதர நாடு’. நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் காயல்பட்டினத்துக்காரன். சின்ன வயதில் அரபி மதரஸாவில் ஏழு வருடம் ஓதியவன். தோஹாவில் எனக்குக் கிடைத்த வேலை, அரபுச் சேனல்களும் பத்திரிகைகளும் அன்றன்று என்ன சொல்கின்றன என்று அரபி தெரியாத அதிகாரிகளுக்குச் சுருக்கி எழுதித் தருவது. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒன்று புரிந்தது. செய்தி எல்லாச் சேனலிலும் ஒன்றாகவே இருக்கும்; அதில் வரும் பெயர்கள்தாம் மாறும். ஒருவருக்கு ‘அதிபர்’, இன்னொருவருக்கு ‘ஆட்சிக் கும்பல்’. ஒருவருக்கு ‘ராணுவம்’, இன்னொருவருக்கு ‘ஆக்கிரமிப்புப் படை’. மதரஸாவில் ஸர்ஃபு பாடத்தில் ஒரு வினைவேரை எடுத்து அதன் வடிவங்களை வரிசையாக எழுத வைப்பார் உஸ்தாத். அந்தப் பழக்கத்தில் ஒரு நோட்டுப் போட்டு, இடப்பக்கம் நாட்டின் பெயர், வலப்பக்கம் எந்தச் சேனல் எந்தத் தேதியில் என்ன சொல்லால் அழைத்தது என்று எழுதத் தொடங்கினேன். அலுவலகத்தில் யாரும் கேட்டு எழுதியதில்லை அது.

கத்தார் பக்கம்தான் அந்த நோட்டில் மிக நீளம்.

2017 மே 24. நள்ளிரவு தாண்டிய நேரம். கத்தார் செய்தி நிறுவனத்தின் இணையதளத்தில் அமீர் சொன்னதாகச் சில வாசகங்கள் வெளிவந்தன. தளம் ஊடுருவப்பட்டது, அமீர் அப்படிப் பேசவே இல்லை என்று கத்தார் மறுத்தது. மறுத்த பிறகும் அல்அரபிய்யாவும் அபுதாபியில் இருந்து வரும் ஸ்கை நியூஸ் அரேபியாவும் விடிய விடிய அந்த வாசகங்களை வைத்தே விவாதம் நடத்தின. பன்னிரண்டு நாள் கழித்து, ஜூன் 5 அன்று, ரமளான் பத்தாம் நோன்பு. ஸஹர் முடித்து, சுபுஹு தொழுதுவிட்டுப் படுத்தவர்கள் கண் விழித்தபோது சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாரோடு உறவை முறித்திருந்தன. நாட்டின் ஒரே தரைவழியான ஸல்வா எல்லை மூடப்பட்டது. அன்று அஸருக்குப் பிறகு நான் பக்காலாவுக்கு, மளிகைக்கடைக்கு, போனேன். சவூதியில் இருந்து வரும் பாலும் லபனும் அடுக்கும் குளிர்பெட்டியில் வெறும் கம்பித் தட்டுகள். ஒரு வாரத்துக்குள் துருக்கி எழுத்துப் போட்ட பால் வந்தது. ஜூலையில் விமானத்தில் மாடுகளே வந்து இறங்கின. பால் பிரச்சினை அப்படித் தீர்ந்தது.

சொல்லின் பிரச்சினை தீரவில்லை. தோஹாவில் நடந்ததற்குப் பெயர் ‘ஹிஸார்’: முற்றுகை. எல்லைக்கு அந்தப்பக்கம் அதே நிகழ்வுக்குப் பெயர் ‘முகாதஆ’: உறவுத் துண்டிப்பு, புறக்கணிப்பு. அல்ஜஸீராவில் அந்த நான்கும் ‘முற்றுகை நாடுகள்’. அந்த நாடுகளின் ஊடகங்களிலோ அவை ‘பயங்கரவாதத்தை எதிர்க்கும் நான்கு நாடுகள்’. ரியாத், அபுதாபி பத்திரிகைகளில் கத்தார் அரசுக்கே ஒரு புதுப்பெயர் வந்தது: ‘தன்ளீமுல் ஹமதைன்’. முன்னாள் அமீர் ஹமது, முன்னாள் பிரதமர் ஹமது, இந்த இருவரின் ‘தன்ளீம்’. தன்ளீம் என்றால் அமைப்பு. அல்காயிதாவுக்கும் தாயிஷுக்கும் (ஐ.எஸ்.) முன்னால் அரபுச் செய்தியாளர்கள் போடும் அதே சொல். ஒரு நாட்டைக் குண்டு வைக்கும் கூட்டத்தின் வரிசையில் நிறுத்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அரசு என்பதற்கு ‘தவ்லா’, ஆட்சிக் கும்பல் என்பதற்கு ‘நிளாம்’, அதற்கும் கீழே ‘தன்ளீம்’. பின் இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. நமக்குத் தெரிந்த ஹைதராபாத் நிஜாமும் அந்த வேரில் இருந்து வந்த மரியாதைப் பட்டம்தான். அரபுச் செய்தியில் இன்று ஒருவரை நிளாம் என்றால் அவர் சீக்கிரம் போக வேண்டியவர் என்று அர்த்தம்.

ஜூன் 7 அன்று அமீரகம் அறிவித்தது: சமூக ஊடகத்திலோ வேறு எந்த வழியிலோ கத்தார் மீது அனுதாபம் காட்டினால் 3 முதல் 15 ஆண்டு சிறை, குறைந்தது 5 லட்சம் திர்ஹம் அபராதம். எதிர்ப்பது அல்ல, இரங்குவதே குற்றம். துபாயில் இருக்கும் என் சின்னம்மா மகன் அன்று இரவு போன் போட்டான். “காக்கா (அண்ணா), நீங்க அங்கேருந்து அனுப்புற எதையும் ஃபேமிலி குரூப்ல போடாதீங்க. பால் போட்டோகூட வேணாம்.” நாங்கள் இருவரும் அந்த நாடுகளின் குடிமக்கள் இல்லை. அவர்கள் சண்டையில் எங்களுக்குப் பங்கும் இல்லை. ஆனாலும் அடுத்த மூன்றரை வருடம் எங்கள் குடும்பக் குரூப்பில் நான் மீன் குழம்பையும் பெருநாள் வாழ்த்தையும் தவிர எதுவும் போடவில்லை.

அந்த ஜூன் மாதக் கடைசியில் நான்கு நாடுகளும் கத்தாரிடம் 13 கோரிக்கைகளை வைத்தன. அவற்றில் ஒன்று அல்ஜஸீராவை இழுத்து மூட வேண்டும் என்பது. இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அரபு உலகில் இரண்டு நாடுகள் பகை தீர்ந்து சேரும்போது ஊடகம் அதை எப்படிக் காட்டுகிறது என்று கேட்பவர்கள், ஊடகம் ஓரத்தில் நின்று படம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அது ஓரத்தில் இல்லை, பேரம் நடக்கும் மேசையின் மேலேயே இருக்கிறது. எல்லை, தூதரகம், வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு சேர்த்து அதுவும் கொடுக்கப்படுகிறது, வாங்கப்படுகிறது. சமாதானத்துக்கு முதல் தவணையாகக் கட்டப்படுவது பெரும்பாலும் யாரோ ஒரு செய்தியாளரின் மௌனம்.

இதற்கு அல்ஜஸீராவின் வரலாற்றையே பார்க்கலாம். 1996இல் தொடங்கிய அந்தச் சேனலில் வந்த ஒரு விவாதத்தால் 2002இல் சவூதி தன் தூதரை தோஹாவில் இருந்து திரும்ப அழைத்துக்கொண்டது. ஐந்தாறு வருடம் கழித்துத் தூதர் திரும்பியபோது, சவூதியின் உள்விவகாரங்களில் அல்ஜஸீராவின் குரல் நன்றாகவே தணிந்திருந்தது. 2014இல் கத்தாருக்கும் எகிப்துக்கும் சவூதி சமாதானம் பேசியது. அந்த டிசம்பரிலேயே எகிப்துக்கென்று தனியாக நடந்துவந்த ‘அல்ஜஸீரா முபாஷிர் மிஸ்ர்’ சேனல் நிறுத்தப்பட்டது. அல்ஜஸீராவின் செய்தியாளர் மஹ்மூத் ஹுஸைன் 2016 டிசம்பரில் விடுமுறைக்குத் தன் சொந்த நாடான எகிப்துக்குப் போய்க் கைதானவர். விசாரணைக் கைதியாகவே நான்கு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். எப்போது வெளியே வந்தார்? 2021 பிப்ரவரியில். அல்உலாவில் அந்த அணைப்பு நடந்து ஒரு மாதத்தில்.

துருக்கியில் நடந்ததும் இதேதான். 2013 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு எகிப்தில் இருந்து தப்பியோடியவர்கள் இஸ்தான்பூலில் இருந்து எதிர்க்கட்சிச் சேனல்கள் நடத்திவந்தார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் கெய்ரோவில் கடைகளிலும் வீடுகளிலும் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தவர்கள் உண்டு. 2021 மார்ச்சில் துருக்கி எகிப்தோடு பேசத் தொடங்கியதும் அந்தச் சேனல்களுக்குக் குரலைக் குறைக்கச் சொல்லி உத்தரவு போனது. பிரபலமான தொகுப்பாளர்கள் திரையை விட்டு விலகினார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் மெகமிலீன் சேனல் இஸ்தான்பூலில் கடையைக் கட்டியது. அதற்குப் பிறகுதான், 2022 நவம்பரில் கத்தார் உலகக் கோப்பைத் தொடக்க விழாவில் துருக்கி அதிபர் எர்துவானும் எகிப்து அதிபர் ஸீஸியும் கைகுலுக்கும் படம் வந்தது. உலகம் அந்தப் படத்தைப் பார்த்து வியந்தது. இஸ்தான்பூல் சேனல்களில் இருட்டிப்போன திரையைக் கவனித்துவந்தவர்களுக்கு அதில் புதுமை இல்லை.

சவூதிப் பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜியின் கதையை எழுதும்போது இப்போதும் மனம் கனக்கிறது. 2018 அக்டோபர் 2 அன்று இஸ்தான்பூலில் உள்ள சவூதி துணைத் தூதரகத்துக்குள் போனவர் திரும்பி வரவில்லை. அதன்பின் வாரக்கணக்கில் துருக்கியின் அரசுச் சார்புப் பத்திரிகைகள் தினமும் ஒரு தகவலாகக் கசியவிட்டன. 2022 ஏப்ரலில் துருக்கி நீதிமன்றம் வழக்கையே சவூதிக்கு மாற்றிக் கொடுத்தது. அதே மாதக் கடைசியில் எர்துவான் ஜித்தா போனார். மறுநாள் பத்திரிகைகளில் முதலீடும் சுற்றுலாவும் பேசப்பட்டன. என் நோட்டில் கஷோக்ஜியின் பெயருக்கு எதிரே 2018 அக்டோபரில் மட்டும் இரண்டு பக்கம் இருக்கிறது. 2022 ஏப்ரலுக்கு எழுத எதுவும் கிடைக்கவில்லை.

மறுபடி அல்உலாவுக்கு வருகிறேன். ‘ஹிஸார்’ என்ற சொல் தோஹாவிலும், ‘முகாதஆ’ அந்தப்பக்கமும் அடுத்த சில நாட்களில் உதிர்ந்துபோயின. இரண்டுக்கும் பதிலாக ஏற்கனவே ஓரமாகக் கிடந்த மூன்றாவது சொல்லை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்: ‘அல்அஸ்மா அல்கலீஜிய்யா’, வளைகுடா நெருக்கடி. நெருக்கடி என்றால் அதைச் செய்தவர் யாரும் இல்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோல் நெருக்கடி வந்தது, போனது. ‘தன்ளீமுல் ஹமதைன்’ என்று நாலு நாளைக்கு ஒருமுறை தலையங்கம் எழுதிய பத்திரிகைகள், நேற்றுவரை நாங்கள் அப்படி எழுதினோமே என்று ஒரு வரிகூடப் போடவில்லை. அல்ஜஸீராவும் போடவில்லை. நான் காத்திருந்தேன். ஒரு வாரம், இரண்டு வாரம் வரை பத்திகளைப் புரட்டிப் பார்த்தேன்.

எனக்கு அந்தச் சமாதானம் வேண்டாம் என்று பொருள் இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு கத்தாரிப் பெண் இருந்தார். அவருடைய தாயார் அல்அஹ்ஸா ஊர்க்காரர். எல்லைக்கு அந்தப்பக்கம், காரில் போனால் இரண்டு மணி நேரம். மூன்றரை வருடம் தாயும் மகளும் போனில்தான் பார்த்துக்கொண்டார்கள். ஜனவரியில் ஸல்வா திறந்த முதல் நாட்களில், மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் கொரோனா பரிசோதனைக்கெல்லாம் வரிசையில் நின்று அவர் போய் வந்தார். திரும்பி வந்தபோது அல்அஹ்ஸாவின் கலாஸ் பேரீச்சம்பழம் ஒரு பெட்டி கொண்டுவந்து எல்லா மேசைக்கும் வைத்தார். “உம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்டேன். “டிவியில் எங்களைத் திட்டும்போதெல்லாம் சத்தத்தைக் குறைத்துவிடுவாராம்” என்றார். அவர் அழத் தொடங்கியதால் நான் வேறு எதுவும் கேட்கவில்லை. சேனல்கள் அடங்கியதால் அந்தத் தாய்க்குக் கிடைத்த நிம்மதியை நான் சிறிதாக நினைக்க மாட்டேன்.

இதுவரை சொன்னதெல்லாம் அரபுகளுக்குள், முஸ்லிம்களுக்குள் நடந்தவை. அவற்றுக்கு ‘முஸாலஹா’ என்றும் ‘தகாருப்’ என்றும் இதமான சொற்கள் இருக்கின்றன. முஸாலஹா, சமாதானம் என்று பொருள்படும் சுல்ஹு என்ற சொல்லில் இருந்து வருவது. தகாருப் என்றால் நெருங்கி வருதல். இஸ்ரேல் என்று வந்தால் மட்டும் வேறு சொல்: ‘தத்பீஃ’. தபீஅத் என்றால் இயல்பு. இயல்பாக்குதல் என்பது நேர்ப்பொருள். நம் தமிழ்ப் பத்திரிகைகள் ‘உறவை இயல்பாக்கும் ஒப்பந்தம்’ என்று எழுதியபோது மொழிபெயர்ப்பில் பிழையே இல்லை. ஆனால் அரபியில் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் முள் தமிழுக்கு வரவில்லை. ஒருவரை ‘முதப்பிஃ’ என்பது வசை. இயல்பில்லாத ஒன்றை இயல்பு என்று ஒப்புக்கொண்டவன், விலைபோனவன் என்ற தொனி அதில் உண்டு. நம் ஊரில் இரண்டு வீட்டுச் சண்டை தீர்ந்தால் ‘ராசியாகிவிட்டார்கள்’ என்கிறோம். அந்த ராசியே சம்மதம், மனநிறைவு என்ற பொருளில் அரபியில் இருந்து வந்ததுதான். ராஜினாமாவும் முதலில் சமாதானப் பத்திரம்தான். தத்பீஃ ராசியாவது அல்ல. மனம் நிறைந்ததா என்று அதில் யாரும் கேட்பதில்லை.

இந்தச் சொல் அரபுப் பொதுப்பேச்சில் ஊன்றியது எகிப்தின் அன்வர் சாதாத் காலத்தில். 1977 நவம்பரில் அவர் ஜெரூசலம் போனார், 1979 மார்ச் 26 அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அரபு லீக் எகிப்தை விலக்கித் தன் தலைமையகத்தையே கெய்ரோவில் இருந்து துனிஸுக்கு மாற்றிக்கொண்டது. எகிப்து திரும்பச் சேர்க்கப்பட்டது 1989இல். அதிகாரப் பத்திரிகைகள் சாதாத்தை ‘போருக்கும் சமாதானத்துக்கும் நாயகன்’ என்று கொண்டாடின. ஆனால் அதே பத்திரிகைகளில் வேலை பார்த்தவர்களின் சங்கமான எகிப்து பத்திரிகையாளர் சங்கம், தன் உறுப்பினர்கள் இஸ்ரேலோடு எவ்விதத் தொடர்பும் வைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அதைக் கைவிடவில்லை. அரசு கையெழுத்துப் போட்டது, எழுதுகிறவன் போடவில்லை. ‘குளிர்ந்த சமாதானம்’ என்று எகிப்தியர்கள் சொல்வது இதைத்தான்.

சாதாத்துக்காக வாதாடிய அறிஞர்கள், பெருமானார் மக்காவாசிகளோடு செய்துகொண்ட ஹுதைபிய்யா உடன்படிக்கையை எடுத்துக்காட்டினார்கள். 2020இலும் அது திரும்ப வந்தது. மதரஸாவில் அந்தப் பாடத்தை உஸ்தாத் நடத்திய நாள் எனக்கு மறக்காது. உடன்படிக்கை எழுதும்போது ‘அல்லாஹ்வின் தூதர் முஹம்மது’ என்று எழுதியதை மக்கா தரப்பின் ஸுஹைல் இப்னு அம்ர் ஏற்கவில்லை. உம்மைத் தூதர் என்று ஒப்புக்கொண்டால் உம்மோடு ஏன் சண்டை போடப்போகிறோம், உம் பெயரையும் தந்தை பெயரையும் எழுதும் என்றார். அலி அழிக்க மனம் வராமல் நின்றார். பெருமானார் அந்தச் சொல்லை அழிக்கச் சம்மதித்து ‘அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது’ என்று எழுத வைத்தார்கள். ஒரு சொல்லைக் கொடுத்துச் சமாதானம் வாங்கப்பட்டது. ஆனால் எந்தச் சொல் அழிக்கப்பட்டது, யார் அழிக்கச் சொன்னார், யாருக்கு வலித்தது என்பது மறைக்கப்படாமல் இன்றுவரை ஓதப்படுகிறது. டிவியில் ஹுதைபிய்யாவைப் பேசியவர்கள் இந்தப் பகுதியையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

2020 ஆகஸ்ட் 13 அன்று அமீரகத்துக்கும் இஸ்ரேலுக்குமான உடன்பாடு அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் 15 அன்று பஹ்ரைனும் சேர்ந்து வெள்ளை மாளிகையில் கையெழுத்து. அமீரக ஊடகங்களில் ‘தத்பீஃ’ என்ற சொல்லுக்கு இடமில்லை; ‘ஸலாம்’, ‘இப்ராஹீமிய ஒப்பந்தம்’, ‘வரலாற்றுச் சமாதான உடன்படிக்கை’. அல்ஜஸீராவிலும் லண்டனில் இருந்து வரும் அல்குத்ஸ் அல்அரபியிலும் ஒரே சொல், தத்பீஃ. என்னோடு வேலை பார்த்த பாலஸ்தீனத்துக்காரர் அன்று சொன்னது: “யா அகீ, இவர்கள் இருவருக்கும் இடையில் போரே நடக்கவில்லையே. யாருக்கும் யாருக்கும் சமாதானம்?”

ஆகஸ்ட் 31 அன்று டெல் அவீவில் இருந்து அபுதாபிக்கு முதல் விமானம் வந்தது. எல் அல் 971. அமீரகத்தின் சர்வதேசத் தொலைபேசிக் குறியீடு அது. விமானியின் ஜன்னலுக்கு மேல் அரபி, ஆங்கிலம், ஹீப்ரு மூன்றிலும் ‘சமாதானம்’ என்று எழுதியிருந்தது. அபுதாபிச் சேனல்கள் அந்தச் சொல்லை நெருக்கமாகக் காட்டின. என் நண்பர் திரைக்கு அருகே போய் நின்று, விமானத்தின் மூக்கருகில் சின்னதாக இருந்த இன்னொரு எழுத்தைக் காட்டினார். விமானத்தின் பெயர், ‘கிர்யாத் காத்’. அந்த இஸ்ரேலிய ஊர் அல்ஃபாலூஜா, இராக் அல்மன்ஷிய்யா என்ற இரண்டு பாலஸ்தீனக் கிராமங்களின் மண்ணில் எழுந்தது. 1949இல் அங்கிருந்தவர்கள் விரட்டப்பட்டார்கள். அவர் விரலை எடுக்கும் முன்பே படம் மாறிவிட்டது.

தோஹாவில் உள்ள ஓர் ஆய்வு மையம் 2022இல் 14 அரபு நாடுகளில் நடத்திய கருத்துக்கணிப்பில் 84 சதவீதத்தினர் தங்கள் நாடு இஸ்ரேலை அங்கீகரிப்பதை எதிர்த்தார்கள். மையம் கத்தாரில் இருப்பது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1996இல் தோஹாவிலேயே இஸ்ரேலிய வணிக அலுவலகம் திறந்து 2009 வரை இருந்தது. அரபுத் திரையில் இஸ்ரேலிய அதிகாரிகளை உட்கார வைத்துப் பேச வைத்ததும் அல்ஜஸீராதான். அடுத்தவர் வீட்டுத் தத்பீஃயைப் பேசும் சேனல் தன் வீட்டுப் பழங்கதையைப் பேசியதை நான் அதிகம் கேட்டதில்லை. ஆனால் காஸாவில் குண்டு விழும் நாளில் இரண்டு டிவிகளையும் பார்த்தால் வித்தியாசம் தெரியும். செத்த குழந்தையை ஒன்று ‘ஷஹீத்’, தியாகி என்னும், மற்றது ‘கதீல்’, கொல்லப்பட்டவர் என்னும். நடுநிலை என்று நாங்கள் சுருக்கத்தில் எழுதிக் கொடுத்தது இரண்டாவது சொல்லை. என் நண்பர் அந்தச் சுருக்கங்களைப் படிப்பதையே நிறுத்திவிட்டார். நான் அவரைக் குறை சொல்லவில்லை.

ஈரான் விஷயம் வேறு மாதிரி. அங்கே சொல் முன்னால் வந்தது, ஒப்பந்தம் பின்னால் வந்தது. 2016 ஜனவரியில் ஷியா மதகுரு ஷேக் நிம்ர் அல்நிம்ருக்குச் சவூதி மரண தண்டனை நிறைவேற்ற, தெஹ்ரானில் சவூதி தூதரகம் தாக்கப்பட, உறவு முறிந்தது. 2017இல் சவூதி பட்டத்து இளவரசர் ஈரானின் தலைவரை மத்திய கிழக்கின் புது ஹிட்லர் என்றார். 2021 ஏப்ரலில் சவூதி டிவிக்குக் கொடுத்த பேட்டியில் அவரே ஈரானை ‘அண்டை நாடு’ என்றார், நல்லுறவு வேண்டும் என்றார். அன்று நோட்டில் ‘ஜார்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். இரண்டு வருடத்துக்குச் சற்றுக் குறைய, 2023 மார்ச் 10 அன்று பெய்ஜிங்கில் சீனாவின் வாங் யீ நடுவில் நிற்க, சவூதியின் முஸாஇத் அல்அய்பானும் ஈரானின் அலி ஷம்கானியும் கையெழுத்திட்டார்கள். அதற்கு முஸாலஹாவும் இல்லை, தத்பீஃயும் இல்லை. ‘இஸ்திஃனாஃப்’: விட்ட இடத்தில் இருந்து தொடர்தல். கவனமாகத் தேர்ந்த, சூடில்லாத சொல். அடுத்த மாதம் சவூதி தூதுக்குழு யெமனின் ஸன்ஆவுக்குப் போனபோது, சவூதி ஊடகம் தன் நாட்டை ‘நடுவர்’ என்றது, சவூதி எதிர்த்துப் போரிட்ட ஹூதிகள் ‘நீ தரப்பு, நடுவர் அல்ல’ என்றார்கள். ஏப்ரலில் கிட்டத்தட்ட 900 கைதிகள் பரிமாறிக்கொள்ளப்பட்டார்கள். சொல்லில் ஒத்துப்போகாமலே ஆட்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். இந்த ஒன்றை நினைக்கும்போது என் வாதம் எனக்கே கொஞ்சம் தளர்கிறது.

கடைசியாக சிரியா. 2011 நவம்பரில் அரபு லீக் சிரியாவை ஒதுக்கியது. அன்றிலிருந்து தோஹாவிலும் ரியாதிலும் பஷார் அல்அஸதின் அரசு ‘நிளாம்’. 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கம் உறவு சேர ஒரு சாக்கானது. மே 7 அன்று சிரியா திரும்பச் சேர்க்கப்பட்டது, 19ஆம் தேதி ஜித்தா உச்சி மாநாட்டில் அஸத் வந்து உட்கார்ந்தார். சவூதி சேனல்களில் அவர் ‘சிரிய அதிபர்’. அதோடு ஒரு சொற்றொடர் எங்கும் ஒலித்தது: ‘அரபு ஹிழ்னுக்குத் திரும்பியது சிரியா’. ஹிழ்ன் என்றால் மடி. தாய் பிள்ளையை அணைத்து வைக்கும் இடம். அல்ஜஸீரா ‘நிளாம்’ என்பதை விடவில்லை. கத்தார் அமீர் அஸதின் பேச்சுக்கு முன்பே ஜித்தாவை விட்டுக் கிளம்பிவிட்டார்.

அப்போது நான் ஊர் திரும்பி ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் அலுவலகத்தில் ஹிம்ஸ் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார், ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதும் வேலை. 2013இல் சோதனைச் சாவடி ஒன்றில் பிடிக்கப்பட்ட அவருடைய தம்பியைப் பற்றி அதன்பின் ஒரு தகவலும் இல்லை. மாநாட்டன்று அவர் எனக்கு அனுப்பிய செய்தியில் ஒரே வரி: “மடி என்கிறார்கள். என் தம்பியையும் அந்த மடியில் தேடிப் பார்க்கச் சொல்.”

2024 டிசம்பர் 8 அதிகாலையில் டமாஸ்கஸ் வீழ்ந்தது. சுபுஹு தொழுதுவிட்டு வந்து போனில் அல்அரபிய்யாவைப் போட்டேன். அஸதின் பெயருக்கு முன்னால் இப்போது ‘மக்லூஃ’, பதவி பறிக்கப்பட்டவர். பழக்கம் விடவில்லை, அலமாரியில் இருந்து நோட்டை எடுத்துச் சிரியாவின் பக்கத்தில் அந்தச் சொல்லையும் தேதியையும் எழுதினேன். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஹிம்ஸ் நண்பருக்கு அனுப்பினேன்: நிளாம், அதிபர், மடி, மக்லூஃ, ஒன்றின் கீழ் ஒன்றாக. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் குரல் செய்தி வந்தது. நான் அனுப்பிய படத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஸைத்னாயா சிறையில் கண்டெடுத்த பதிவேடுகளின் படங்கள் இணையத்தில் வருகின்றன, எழுத்து மங்கலாக இருக்கிறது, உன் கண் நல்ல கண், சில பக்கங்களை அனுப்புகிறேன், தம்பி பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் அனுப்பும் பக்கங்களைப் பெரிதாக்கி, வரி வரியாகப் பெயர்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.